புத்தகத்தில் ஏறாத பதக்கங்கள்

2023-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி நடந்த ராணுவ தின அணிவகுப்பு முதன்முறையாக டெல்லிக்கு வெளியே நடைபெற்றது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் பெங்களூர். இடம், அல்சூரில் உள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப் மையத்தின் கோவிந்தசாமி மைதானம். 1780-ல் தோன்றிய இந்தப் படைப்பிரிவினரை 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்று உலகம் அழைக்கும். ராணுவத்துக்குள் அவர்களுக்கு இன்னொரு செல்லப் பெயர் உண்டு: 'தம்பிகள்'. அந்தத் தம்பிகளில் பலர் இன்று தாத்தாக்களாகி அல்சூரிலும், மர்பி டவுனிலும், ஆஸ்டின் டவுனிலும், காக்ஸ் டவுனிலும் வாழ்ந்து வருகிறார்கள்.

இப்படிப்பட்ட விழாக்களுக்கு ஓய்வு பெற்ற படைவீரர்கள் கோட்டின் இடது மார்பில் பதக்க வரிசையைக் குத்திக்கொண்டு வருவது வழக்கம். "இது எதற்குக் கொடுத்தது, அது எங்கே கிடைத்தது?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவரும் உற்சாகமாகச் சொல்வார். ஆனால் அந்த வரிசையில் இருக்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுப் பெட்டியில், துணியில் சுற்றி வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்துப் பதக்கங்களுக்கான பக்கத்தைப் பார்த்தால், போருக்குப் போனவரின் புத்தகத்தில் போர்ப் பதக்கம் எழுதப்படாமல் இருப்பதைக் காணலாம். இது அபூர்வமான சங்கதியல்ல. பட்டாளத்துக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ஒருவராவது சொல்லும் குறை இது.

அதைத் திருத்த முடியுமா? முடியும். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு, காலமும் உண்டு. காலம்தான் இதில் முக்கியம். 1971-ல் வங்கதேசப் போரின்போது 18 வயது நிரம்பிய இளைஞராக இருந்தவருக்கே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. 1965-ல் பாகிஸ்தானோடு போரிட்டவர்கள் எண்பதை நெருங்கியோ கடந்தோ இருக்கிறார்கள். "ஆமாம், இவர் எங்கள் கம்பெனியில்தான் இருந்தார்" என்று சொல்லக் கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

வீரப் பதக்கம் வேறு, போர்ப் பதக்கம் வேறு

பதக்கங்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. பரமவீர சக்கரம், மகாவீர சக்கரம், வீர சக்கரம், சேனா பதக்கம் போன்றவை தனி ஒருவரின் வீரச் செயலுக்காக வழங்கப்படுபவை. இவற்றைப் பெற்றவர்களின் பெயர் அரசிதழில் வெளியாகிவிடும். மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில் சக வீரர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து உயிர் விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்ட செய்தி அன்றைய லண்டன் அரசிதழில் இருக்கிறது. எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் தொலைந்தாலும் அந்தச் சிறப்பு அழியாது.

மற்றவை அப்படியல்ல. போர் நடந்த பகுதியில் பணியாற்றியதற்கும், கடுமையான எல்லைப் பகுதியில் இருந்ததற்கும், இத்தனை ஆண்டு ஒழுங்காகச் சேவை செய்ததற்கும் கொடுக்கப்படும் பதக்கங்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சேர்ந்தாற்போல் உரியவை. இவற்றுக்குத் தனித்தனியாக அரசிதழில் பெயர் வராது. யூனிட்டில் இருக்கும் குமாஸ்தா ஜாபிதா தயாரிப்பார், அதிகாரி கையெழுத்திடுவார், அது 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தினசரி உத்தரவில் வெளியாகும், அதைப் பார்த்து ரிக்கார்டு ஆபீஸில் உள்ள 'ஷீட் ரோல்' என்னும் சேவைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். கடைசியில் படையிலிருந்து விலகும்போது அதிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதுவார்கள். நாலு கை மாறும் விவகாரம். எந்த ஒரு கை விட்டாலும் பதக்கம் விட்டுப் போகும். சாதாரண சிப்பாயின் பதக்கங்களே அதிகம் காணாமற்போவதன் காரணம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

தனக்கு என்ன வர வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1962-ல் சீனப் போர் முடிந்ததும் ராணுவத்துக்கு ஏராளமாக ஆள் எடுத்தார்கள். அப்படி 1963 பிப்ரவரியில் சேர்ந்து, 1979-ல் ஓய்வூதியத்துடன் விலகிய ஒரு சாப்பரின் மார்பில் எத்தனை பதக்கம் இருக்க வேண்டும்?

1965 ஆகஸ்டு 5-ந் தேதியன்று அவர் 180 நாள் சேவைக்கு மேல் முடித்துப் படையில் இருந்தார். எனவே 'ரக்ஷா பதக்கம் 1965' அவருக்கு உரியது. அந்தப் போரில் அவருடைய கம்பெனி களத்துக்குப் போயிருந்தால் அதற்கு மேல் 'சமர் சேவா ஸ்டார்' உண்டு. 1971 டிசம்பர் போரில் கிழக்கு முனையில் ஆறுகளைக் கடக்கப் பாலம் போடும் வேலையில் இருந்திருந்தால் 'பூர்வி ஸ்டார்'. மேற்கு முனையில் இருந்திருந்தால் 'பஸ்சிமி ஸ்டார்'. அந்தப் போரை ஒட்டிய காலத்தில் எல்லை மாநிலங்களில் பணியாற்றியதற்கு 'சங்கிராம் பதக்கம்'. 1972 ஆகஸ்டு 15-ந் தேதி பணியில் இருந்ததால் சுதந்திரத்தின் 25-ம் ஆண்டு விழாப் பதக்கம். ஒன்பது ஆண்டு சேவை நிறைந்ததற்கு நெடுஞ்சேவைப் பதக்கம். இடையே நேஃபாவிலோ காஷ்மீரிலோ மொத்தம் ஓராண்டு காலம் கழித்திருந்தால் 'சைன்ய சேவா பதக்கம்'.

ஆக ஏழு. புத்தகத்தில் நாலு இருந்தால் மீதி மூன்று எங்கே என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் ஏழுக்கும் உரியவர்தானா என்பதை அந்தந்த நாளில் அவர் எந்த யூனிட்டில், எந்த இடத்தில் இருந்தார் என்பதே தீர்மானிக்கும். "நானும் போரில் இருந்தேன்" என்றால் மட்டும் போதாது.

சைன்ய சேவா பதக்கம் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ரிப்பனின் மேல் குறுக்காக 'ஜம்மு-காஷ்மீர்', 'நேஃபா', 'இமாலயா', 'அந்தமான்-நிக்கோபார்' என்று இடப் பெயர் பொறித்த சிறு பட்டை இருக்கும். அதற்குக் 'கிளாஸ்ப்' என்று பெயர். இரண்டாவது இடத்திலும் தகுதி பெற்றால் மறுபடி பதக்கம் தர மாட்டார்கள், இன்னொரு பட்டைதான். பதக்கம் ஏறியிருக்கிறதே என்று திருப்தியாக இருப்பவர்கள் பட்டையைக் கவனிப்பதில்லை. 1962-ல் லடாக்கிலும் நேஃபாவிலும் சீனர்களை எதிர்த்து நின்றவர்களின் 'ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947' பதக்கத்துக்கும் அப்படித்தான். எந்தப் போர் என்பதைச் சொல்வது பட்டையே. தவிர, ஓராண்டு என்பது பல துண்டுகளாகச் சேரக் கூடியது. ஒரு யூனிட்டில் ஐந்து மாதம், மற்றொன்றில் எட்டு மாதம் என்றிருந்து, ஒரு துண்டு பதிவாகாமல் போனால் கணக்கே குறைந்துவிடும்.

எப்படி விட்டுப் போகிறது?

முதல் காரணம், போர் நடக்கும்போதே பதக்கம் பிறப்பதில்லை என்பது. 1965 போருக்கான சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா பதக்கமும் 1967-ல்தான் ஏற்படுத்தப்பட்டன. 1971 போருக்கானவை 1973-ல் வந்தன. நடுவில் படையை விட்டு விலகியவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில், அன்று உலகத்திலேயே இல்லாத பதக்கத்தை யார் எழுதியிருக்க முடியும்? அவர் ஊருக்குப் போய் வயலைப் பார்த்துக்கொண்டோ, பெங்களூரில் ஏதாவது தொழிற்சாலை வாசலில் காவல் உத்தியோகம் பார்த்துக்கொண்டோ இருந்திருப்பார். பதக்கம் அறிவிக்கப்பட்ட செய்தியே எட்டியிருக்காது. ரிசர்வில் இருந்து, போர் வந்ததும் திரும்ப அழைக்கப்பட்டு, முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதையும் இதுவே.

அடுத்தது, 'அட்டாச்மென்ட்'. ஒரு யூனிட்டைச் சேர்ந்த டிரைவரையோ, சமையற்காரரையோ, எலெக்ட்ரீஷியனையோ அவசரத்துக்கு வேறு யூனிட்டோடு அனுப்பிவிடுவார்கள். போர் நடந்த இடத்தில் அவர் இருக்கிறார். அவருடைய பெயரோ பின்னால் இருக்கும் தாய் யூனிட்டில் இருக்கிறது. களத்தில் இருந்த யூனிட் ஜாபிதா எழுதும்போது "இவர் நம் ஆள் இல்லை" என்று விட்டுவிடும். தாய் யூனிட்டோ "நாம்தான் களத்துக்குப் போகவில்லையே" என்று பேசாமல் இருந்துவிடும். காயம் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். முன்னால் நின்றவருக்கே பதக்கம் இல்லாமற்போகும் விந்தை இப்படித்தான் நடக்கிறது.

தென்னாட்டு வீரர்களைத் தனியாகத் தொடும் காரணம் ஒன்றும் உண்டு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பலர் 'டிபென்ஸ் செக்யூரிட்டி கோர்' என்னும் பாதுகாப்புப் பிரிவில் மறுபடி சேருகிறார்கள். அதன் ரிக்கார்டு ஆபீஸ் கேரளத்தில் கண்ணூரில் இருக்கிறது. முதல் சேவையின் காகிதங்கள் ஓர் ஊரில், இரண்டாவது சேவையின் காகிதங்கள் வேறோர் ஊரில். கையில் கடைசியாகக் கிடைக்கும் புத்தகத்தில் பழைய பதக்கங்கள் ஏறாமல் இருந்தால், அவை கிடைக்கவே இல்லை என்று குடும்பத்தார் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவை முதல் புத்தகத்தில் பத்திரமாக இருக்கும்.

பதிவில் இருந்தும் கைக்கு வராதவை தனி ரகம். படைவீரர்களுக்கான பதக்கங்கள் கொல்கத்தா நாணயச்சாலையில் தயாராகி வந்தன. தேவைக்கு ஏற்பத் தயாராகாமல் லட்சக்கணக்கில் பதக்கங்கள் நிலுவையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. வீரர்கள் கண்டோன்மென்ட் கடைகளில் அதே மாதிரிப் பதக்கத்தைக் காசு கொடுத்து வாங்கிக் குத்திக்கொண்டார்கள். அரசாங்கம் தரும் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் சர்வீஸ் நம்பர், பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்கியதன் விளிம்பு வழவழவென்று இருக்கும். வீட்டில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வழவழப்பாக இருந்தால், அசல் இன்னும் வர வேண்டியிருக்கிறது என்று பொருள்.

உலோகத் துண்டுக்கா இத்தனை பாடு?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீரப் பதக்கங்களுக்கு மாதாமாதம் படி உண்டு. 2017 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் பரமவீர சக்கரத்துக்கு ரூ.20,000, வீர சக்கரத்துக்கு ரூ.7,000, வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு ரூ.2,000 என்று உயர்த்தப்பட்டது. போர்ப் பதக்கங்களுக்கு அப்படி மாதப் படி கிடையாது. ஆகவே அவற்றைப் பற்றி யாரும் அக்கறை எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் பதக்கம் என்பது இன்னொன்றின் அடையாளம். பூர்வி ஸ்டார் ஏறியிருக்கிறது என்றால் அந்த வீரர் 1971-ல் கிழக்குக் களத்தில் இருந்தார் என்பதற்கு அரசாங்கமே சாட்சி. காயம் பட்டவர்களுக்கு உரிய 'பராக்கிரம பதக்கம்' ஏறவில்லை என்றால், அதன் பின்னே போர்க் காயம் என்ற பதிவே விட்டுப்போயிருக்கக் கூடும். போரில் பட்ட காயமா, சாதாரண விபத்தா என்பதைப் பொறுத்து ஊன ஓய்வூதியத்தின் அளவு மாறுகிறது. பதக்கத்தைத் தேடப் போன இடத்தில் ஓய்வூதியத்தில் உள்ள குறையைக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் ஆப்பிரிக்காவிலும் போரிட்டு, ஓய்வூதியம் எதுவும் இல்லாமல் வீடு திரும்பியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாநில அரசுகள் உதவித்தொகை ஏற்படுத்தின. அப்போது பல குடும்பங்களின் கையில் இருந்த ஒரே ஆதாரம், பழைய டிஸ்சார்ஜ் சான்றிதழில் 'பர்மா ஸ்டார்' என்று எழுதிய ஒரு வரிதான்.

பணத்தை விட்டுத்தள்ளினாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து பதக்கத்தோடு கொடி வணக்கத்துக்குப் போகும்போது, அதே போரில் அதே பாலத்தைக் கட்டியவர் இரண்டோடு போக வேண்டியிருக்கிறது. அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். வீட்டில் உள்ளவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

எங்கே எழுதுவது, எப்படி எழுதுவது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பதிவேடு எந்த ஊரில் இருக்கிறது என்பது. மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரிலேயே. சப்ளை பிரிவான ஏ.எஸ்.சி.யின் தெற்கு ரிக்கார்டு ஆபீஸும் பெங்களூரில்தான். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு. இ.எம்.இ., ஆர்டனன்ஸ் இரண்டுக்கும் செகந்திராபாத். மருத்துவப் படைக்கு லக்னோ. விமானப் படைக்கு டெல்லி. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. பெங்களூரில் வசிப்பதால் பெங்களூரில்தான் கேட்க வேண்டும் என்று பலர் தவறான வாசலில் நின்று மாதக் கணக்கில் அலைகிறார்கள்.

மனு எழுதும் முன் ஷீட் ரோலின் நகலைக் கையில் வாங்கிவிட வேண்டும். இதுவே எல்லாவற்றுக்கும் அடிப்படை. கேட்டால் தர மறுக்கிறார்கள் என்றால் 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தன்னுடைய சொந்தப் பதிவேட்டைத்தானே கேட்கிறார், இதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. ஷீட் ரோலையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறை எந்தக் கட்டத்தில் ஏற்பட்டது என்பது தெரிந்துவிடும்.

ஷீட் ரோலில் இருந்து, புத்தகத்தில் மட்டும் இல்லை என்றால் வேலை சுலபம். அது எழுத்தர் பிழை. மூலப் புத்தகத்தை வாங்கி ஏற்றி, முத்திரை வைத்துத் திருப்பித் தருவார்கள். இரண்டிலும் இருந்து பதக்கம் மட்டும் கைக்கு வரவில்லை என்றால், அதை வழங்கும்படி கேட்க வேண்டும். ஒருமுறை வாங்கித் தொலைத்தவர்கள் வேறு வகை. அவர்கள் தொலைந்ததற்கு ஆதாரம் காட்டி, விலை கட்டி மாற்றுப் பதக்கம் பெற வேண்டும். தொலைத்ததை வரவில்லை என்று எழுதினால் பழைய கையெழுத்துப் பட்டியல் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு நியாயமான கோரிக்கையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இரண்டிலுமே இல்லை என்ற நிலைதான் கடினம். இங்கே தகுதியையே நிரூபிக்க வேண்டும். "எனக்கு வர வேண்டிய பதக்கங்களையெல்லாம் தயவுசெய்து வழங்கவும்" என்று எழுதும் மனுவுக்கு, "உங்கள் பதிவேட்டில் உள்ளவை இவையே" என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும். அதற்கு மேல் அந்தக் குமாஸ்தாவால் எதுவும் செய்யவும் முடியாது. இன்ன பதக்கம், இன்ன யூனிட்டில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன இடத்தில் இருந்தேன், இன்ன யூனிட்டோடு அட்டாச் ஆகியிருந்தேன் என்று குறிப்பாக எழுத வேண்டும். அப்போதுதான் அந்தக் காலத்து பார்ட் டூ ஆர்டர்களைப் புரட்டிப் பார்க்க ஒரு பிடி கிடைக்கும். கூட இருந்து அதே பதக்கம் பெற்றவரின் சர்வீஸ் நம்பரைத் தந்தால் தேடல் இன்னும் எளிதாகும். பழைய கம்பெனி கமாண்டர் உயிருடன் இருந்தால் அவருடைய கடிதம் வலுச் சேர்க்கும். ஆனால் கடிதம் பதிவுக்கு ஈடாகாது. தேட வேண்டிய இடத்தைக் காட்டும், அவ்வளவே.

யூனிட்டின் போர் நாட்குறிப்பு என்று ஒன்றும் உண்டு. அன்றன்று யூனிட் எங்கே இருந்தது, என்ன செய்தது என்பதை அதில் எழுதுவார்கள். 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த கொள்கைப்படி இந்த நாட்குறிப்புகள் அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குப் போக வேண்டும். 25 ஆண்டு கடந்த ஆவணங்கள் பரிசீலனைக்குப் பின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். தனி வீரரின் பெயர் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் யூனிட் களத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பெயர்ச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய வடநாட்டு எழுத்தர் முனுசாமியை முனிசாமியாக்கியிருப்பார். தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார். பதக்க ஜாபிதாவில் ஒரு பெயர், ஓய்வூதிய உத்தரவில் வேறு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர். சர்வீஸ் நம்பர் ஒன்றே மாறாதது. எல்லாக் கடிதத்திலும் அதை முதலில் எழுத வேண்டும். பெயர்த் திருத்தத்துக்கு வேறு நடைமுறை, வேறு பிரமாணப் பத்திரம். இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டொரு சின்ன எச்சரிக்கைகள். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பக்கங்களைப் பிளாஸ்டிக் போட்டு லாமினேட் செய்துவிட்டால் பிறகு அதில் எழுதவோ முத்திரை வைக்கவோ முடியாது. பத்திரப்படுத்துவதாக நினைத்துக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. மூலப் புத்தகத்தை ரிக்கார்டு ஆபீஸ் கேட்கும்போது மட்டும், எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு, விரைவுத் தபாலில் ரசீதோடு அனுப்ப வேண்டும். "நான் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் புரோக்கர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். பதிவைத் திருத்த அரசாங்கம் கட்டணம் எதுவும் கேட்பதில்லை. உதவி வேண்டுமானால் ஜில்லா சைனிக் நல அலுவலகம் இருக்கிறது. டெல்லியில் ராணுவத்தின் முன்னாள் படைவீரர் இயக்ககம் இருக்கிறது.

மறுத்துவிட்டால்? காரணம் காட்டி எழுத்தில் பதில் கேட்டு வாங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு, 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். டெல்லி தவிரச் சென்னை, கொச்சி போன்ற இடங்களிலும் அதன் கிளைகள் உள்ளன. இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு பதக்கத்துக்காக வழக்கு வரை போவது தேவையா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. பதிவேட்டில் இருக்கும் ஆதாரத்தைச் சரியாகச் சுட்டிக் காட்டும் மனு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது.

அமெரிக்காவில் எரிந்த பதிவேடுகள்

ஆவணமே அழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1973 ஜூலை 12-ந் தேதி செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் அதிகமான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போயின. இரு உலகப் போர்களின் வீரர்களும் அதற்குள் அடக்கம்.

அதற்குப் பிறகு அவர்கள் வேறு வழியில் தேட ஆரம்பித்தார்கள். சம்பளப் பட்டியல், யூனிட்டுகளின் காலை அறிக்கை, ஆஸ்பத்திரிப் பதிவு, வீரரின் வீட்டில் கிடந்த நகல் என்று கிடைத்த துண்டுகளை ஒட்டிச் சேவை வரலாற்றை மறுபடி உருவாக்கினார்கள். தீப்பிடித்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. விட்டுப்போன பதக்கங்கள் எண்பது, தொண்ணூறு வயதுக் கிழவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு மனிதன் படையில் இருந்ததற்கான அடையாளம் ஒரே அலமாரியில் மட்டும் இருப்பதில்லை.

பெட்டியில் இருக்கும் தடயங்கள்

வீரர் மறைந்துவிட்ட வீடுகளில் மனைவிக்கோ மகனுக்கோ யூனிட்டின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். அங்கேயும் தேடினால் கிடைக்கும். அந்தக் காலத்தில் அவர் எழுதிய இன்லண்ட் கடிதங்களில் யூனிட்டின் பெயரும் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரியும் இருக்கும். 99 என்பது கிழக்குப் பகுதிக்கு உரிய தபால் முகவரி. 1971 டிசம்பர் தேதியோடு அப்படி ஒரு கடிதம் இருந்தால் அது எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும். மணியார்டர் கூப்பனில் நாலு வரி எழுதியிருப்பார். ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டு, லீவு சர்டிபிகேட், யூனிட் குரூப் போட்டோவின் அடியில் அச்சிட்ட தேதி எல்லாமே உதவும். பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடக் கூடாது. பெரியவர் உயிரோடு இருக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவரை உட்கார வைத்து, எந்த ஆண்டு எந்த ஊர், கமாண்டர் யார், பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் யார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மறைந்த வீரரின் பதக்கங்களுக்கு அவருடைய வாரிசு மனுச் செய்யலாம். கணவரின் பதக்கங்களை மனைவி விழாக்களில் அணிந்துகொள்ளவும் விதி இடம் தருகிறது. வீரர் இடது மார்பில் அணிவார். வாரிசு வலது மார்பில் அணிய வேண்டும்.

ஓய்வூதியம் இல்லாமல் சில ஆண்டுச் சேவையோடு விலகியவர்களுக்கு ஒரு விசேஷ அவசரம் இருக்கிறது. ராணுவ விதிகளின்படி அவர்களுடைய சேவை ஆவணங்களை 25 ஆண்டுகள்தான் வைத்திருப்பார்கள். பிறகு அழித்துவிடுவார்கள். 'லாங் ரோல்' என்ற பெரிய பதிவேட்டில் சுருக்கமான குறிப்பு மட்டும் நிரந்தரமாக நிற்கும். 1965, 1971 போர்களில் இருந்து ஓய்வூதியமின்றி விலகியவர்களின் கெடு எப்போதோ கடந்துவிட்டது. அவர்கள் கையில் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகமும், கூட இருந்து ஓய்வூதியம் பெறுபவர்களின் பதிவும்தான் இனி வழி. 1999-ல் கார்கில் போரில் இருந்துவிட்டு 2001-ல் அப்படி விலகிய ஒருவருக்கு 2026-ல் கெடு முடிகிறது. 'ஆபரேஷன் விஜய்' பதக்கம் தன் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று அவர் இந்த வாரமே எடுத்துப் பார்க்க வேண்டும்.